இருபது லிட்டர் பச்சை நீரும் ஒன்றரை மில்லிலிட்டர் டீசலும்: பாசி எரிபொருள் கற்பித்தல் தொகுப்பு, ஒரு மதிப்புரை

கடந்த கல்வியாண்டில் எங்கள் கல்லூரியின் வேதியியல் துறைக்காக, "பாசியிலிருந்து பயோடீசல்" என்று விளம்பரப்படுத்தப்படும் ஒரு கற்பித்தல் தொகுப்பை இணையம் வழியாக வாங்கினோம். விலை 6,800 ரூபாய். கூரியர் கட்டணம் தனி. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து பேர் என் மேற்பார்வையில் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு முறை செய்து பார்த்தார்கள். விற்பனையாளரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏறத்தாழ இதே பெட்டியும் இதே கையேடும் வெவ்வேறு ஒட்டுச்சீட்டுகளோடு பல இடங்களில் விற்கப்படுவதைப் பின்னர் கண்டேன். எல்லோருக்கும் பொதுவான குறையை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுவது முறையாகாது. பள்ளி, கல்லூரிகளில் இதை வாங்க எண்ணுவோர் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்வதே என் நோக்கம்.

பெட்டிக்குள் இருந்தவை: 250 மி.லி. உயிருள்ள குளோரெல்லா வல்காரிஸ் நுண்பாசி அடங்கிய புட்டி ஒன்று, பிஜி-11 எனப்படும் ஊட்டக் கரைசலின் அடர்வடிவங்கள் நான்கு சிறு புட்டிகளில், பத்து லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் தொட்டிகள் இரண்டு, மீன் தொட்டிக்குப் பயன்படும் காற்றுப் பம்பும் குழாய்களும், 18 வாட் எல்இடி விளக்குகள் இரண்டு, ஒரு பொட்டலம் படிகாரம், கையால் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ் (மையவிலக்குக் கருவி) ஒன்று, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் சிறிது, வண்ணப் படங்களுடன் 24 பக்கக் கையேடு. பாசியிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஹெக்சேனும், அந்த எண்ணெயை டீசலாக்கும் மெத்தனாலும் பெட்டியில் இல்லை. தீப்பற்றும் திரவங்களைக் கூரியரில் அனுப்ப முடியாது என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றைத் தனியாக வாங்க வேண்டும் என்ற செய்தி விற்பனைப் பக்கத்தில் எங்கும் இல்லை. கையேட்டின் பதினேழாம் பக்கத்தில்தான் முதன்முறையாகத் தெரியவருகிறது. வேதியியல் ஆய்வகம் உள்ள எங்களுக்கு அது பெரிய சிரமமில்லை. ஆய்வகம் இல்லாத ஒரு பள்ளிக்கு இது பாதி வழியில் நின்றுபோகும் பேருந்துதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாசி மே மாத வெயிலில் நான்கு நாள் பயணம் செய்து, வெளிறி, அடியில் படிந்து, துர்நாற்றத்துடன் வந்து சேர்ந்தது. தொலைபேசியில் அழைத்தபோது எதிர்முனையில் பேசிய இளைஞர், "சார், மூடியைத் தளர்த்தி, நேர் வெயில் படாத ஜன்னலோரம் ரெண்டு நாள் வைங்க; பச்சை திரும்பலைன்னா வேற அனுப்பிடறோம்" என்றார். பச்சை திரும்பவில்லை. ஒரு வாரத்தில் கட்டணமில்லாமல் மாற்றுப் புட்டி வந்தது. அதைக் குளிர்ப்பொதியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். குளோரெல்லாவுக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரைதான் உகந்தது. எங்கள் ஆய்வகத்தில் மே மாதப் பிற்பகல் 36 டிகிரியைத் தொடும். ஆகவே வாங்குவோர் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வாங்குவது நல்லது.

வளர்ப்புப் பகுதிதான் இந்தத் தொகுப்பின் உயிர். 250 மி.லி. பாசியை நேராகப் பத்து லிட்டர் தண்ணீரில் கொட்டிவிட்டால் அது ஒளியின் கடுமையில் வெளுத்துப்போகும். முதலில் ஒரு லிட்டர், பிறகு மூன்று லிட்டர், பிறகு பத்து லிட்டர் என்று படிப்படியாகப் பெருக்க வேண்டும். கையேடு இதைத் தெளிவாகவும் பொறுமையாகவும் விளக்குகிறது. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் வெளியேற ஒரு நாள் திறந்து வைக்கச் சொல்வதும் சரியான அறிவுரையே. ஐந்தாம் நாளில் தண்ணீர் எலுமிச்சை இலையின் நிறத்துக்கு வந்தது. பத்தாம் நாளில் தொட்டியின் மறுபக்கம் வைத்த விரல் தெரியவில்லை. எங்கள் மாணவர்களில் ஒருவர் ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு ஒரே இடத்தில் நின்று ஒளிப்படம் எடுத்து வைத்தார். இருபத்தொரு படங்களையும் வரிசையாகப் பார்த்தால், பாடநூலில் மடக்கை வளர்ச்சி என்று நாம் கரும்பலகையில் வரைந்து காட்டும் கோடு கண்முன் நிறமாக எழுவது தெரியும். இந்த ஒரு பயனுக்காகவே பாதி விலையை நான் மனமாரக் கொடுப்பேன்.

இந்தக் கட்டத்தில் மாணவர்களைக் கணக்கிடச் சொன்ன ஒரு செய்தி, கையேட்டில் இருந்திருக்க வேண்டியது. ஒரு கிராம் உலர்ந்த பாசி உருவாக ஏறத்தாழ 1.8 கிராம் கரியமில வாயு தேவை. எங்கள் இரு தொட்டிகளிலும் இறுதியில் கிடைத்த பாசி 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு 21 கிராம் கரியமில வாயு வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றில் அந்த வாயு முக்கால் கிராம் அளவே இருக்கிறது. ஆகவே அந்தச் சிறு பம்பு குறைந்தது 28 கன மீட்டர் காற்றை, அதாவது ஒரு சிறிய அறையின் காற்று முழுவதையும், குமிழிகளாக உள்ளே அனுப்பி, அதிலுள்ள வாயு ஒரு துளியும் வீணாகாமல் பாசியைச் சேர வேண்டும். உண்மையில் பெரும்பகுதி குமிழியோடே மேலேறிப் போய்விடுகிறது. பாசி எரிபொருள் ஆய்வுகள் பலவும் அனல்மின் நிலையப் புகையை நாடிச் சென்றதற்குக் காரணம் இதுவே. கையேடு கரியமில வாயுவைப் பற்றி "பாசி காற்றைத் தூய்மைப்படுத்துகிறது" என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிடுகிறது.

முதல் சுற்றில் ஒரு தொட்டியை இழந்தோம். பதினான்காம் நாள் மாலை வரை கரும்பச்சையாக இருந்த நீர், மூன்றே நாளில் தெளிந்து பழுப்பாயிற்று. நுண்ணோக்கியில் பார்த்தபோது ரொட்டிஃபர் எனப்படும் சக்கர உயிரிகள் குளோரெல்லாவை விழுங்கியபடி நீந்திக்கொண்டிருந்தன. அவற்றின் வயிறு பச்சையாகவே தெரிந்தது. அவை எங்கிருந்து வந்தன என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. மூடியில்லாத தொட்டியும், கழுவாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய கண்ணாடிக் குழாயும் காரணமாக இருக்கலாம். இதில் எங்கள் பங்கும் உண்டு. ஆயினும் திறந்த தொட்டியில் ஒற்றை இனப் பாசியை வளர்ப்பவருக்கு இதுதான் முதன்மையான ஆபத்து என்றிருக்க, கையேட்டில் அதைப் பற்றி ஓர் எச்சரிக்கைகூட இல்லை. தொட்டிக்கு மூடி தராததும் பிழையே. இரண்டாம் சுற்றில் நாங்களே சமையலறை ஒட்டுத்தாளால் மூடி, காற்றுக்குழாயின் வாயில் பஞ்சு அடைத்துக்கொண்டோம். இரண்டு தொட்டிகளும் தப்பின. இனி வரும் எண்கள் எல்லாம் அந்த இரண்டாம் சுற்றுக்கு உரியவை.

கையேட்டின் மிகப் பெரிய அறிவியல் பிழை எண்ணெய்ச் சத்தைக் கூட்டும் முறை பற்றிய பக்கத்தில் இருக்கிறது. நைட்ரஜன் கிடைக்காமல் பட்டினி கிடக்கும் பாசி, புரதம் உருவாக்க வழியில்லாமல், தான் பிடித்த ஒளியாற்றலைக் கொழுப்பாகச் சேமிக்கும் என்பது உண்மை. இதற்காகக் "கடைசி வாரம் ஊட்டம் சேர்க்காதீர்கள், எண்ணெய் இரட்டிப்பாகும்" என்கிறது கையேடு. ஆனால் அவர்களே தரும் பிஜி-11 கரைசலில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் சோடியம் நைட்ரேட் இருக்கிறது. பத்து லிட்டரில் அது கிட்டத்தட்ட இரண்டரை கிராம் நைட்ரஜன். எங்கள் தொட்டியில் வளர்ந்த பாசி முழுவதும் உண்டிருக்கக் கூடியது அதில் கால் பங்குகூட இல்லை. விருந்தில் பந்தி முடிந்தும் அண்டாவில் முக்கால்வாசிச் சோறு மிஞ்சியிருக்கும்போது, இனி பரிமாறப் போவதில்லை என்று அறிவிப்பதால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆகவே நாங்கள் கையேட்டை ஒதுக்கிவிட்டு, முதல் தொட்டிக்கு முழு நைட்ரேட்டும் இரண்டாம் தொட்டிக்குப் பத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டும் கொடுத்தோம்.

விளைவு எனக்கு வியப்பளிக்கவில்லை; மாணவர்களுக்கு அளித்தது. முதல் தொட்டியில் உலர் எடை 6.8 கிராம், இரண்டாம் தொட்டியில் 4.9 கிராம். கரைப்பானில் பிரிந்து வந்த கொழுப்புச் சாறு முதலாவதில் 1.1 கிராம், இரண்டாவதில் 1.2 கிராம். விழுக்காட்டில் பார்த்தால் 16இலிருந்து 24க்கு உயர்ந்துவிட்டது. கிராமில் பார்த்தால் ஏறத்தாழ அதே அளவுதான். எண்ணெயின் பங்கு கூடும்போது பாசியின் வளர்ச்சி குறைந்து, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. அமெரிக்க எரிசக்தித் துறை 1978இல் தொடங்கி 1996 வரை ஏறத்தாழ 25 மில்லியன் டாலர் செலவில் நடத்திய நீர்வாழ் உயிரினத் திட்டம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாசி வகைகளைத் திரட்டி, அவற்றிலிருந்து முந்நூறு அளவில் தேர்ந்து, நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்கள் வெட்டிப் பார்த்து முடித்தபோது எழுதிவைத்த பாடங்களில் இதுவும் ஒன்று. அந்த இறுதி அறிக்கை 1998இலேயே வெளிவந்து யாரும் படிக்கும்படி கிடைக்கிறது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு அச்சிடப்படும் ஒரு கையேடு, அதற்கு நேர்மாறானதை மாணவர்களுக்குக் கற்பிப்பதை எப்படி ஏற்பது?

அடுத்தது அறுவடை. இந்தத் தொகுப்பின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இங்கேதான் தொடங்குகிறது. பச்சையாக, கெட்டியாகத் தோன்றும் அந்தத் தண்ணீரில் பாசியின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு கிராம் பாசிக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர். குளோரெல்லாவின் செல் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ள உருண்டை. துணியில் வடிகட்டினால் துணி பச்சையாகும், கீழே விழும் தண்ணீரும் பச்சையாகவே இருக்கும். செல்களின் புறப்பரப்பில் எதிர்மின் சுமை இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். இதற்குக் கையேடு காட்டும் வழி, கையால் சுற்றும் அந்தச் சென்ட்ரிஃப்யூஜ். அதில் 15 மி.லி. குழாய்கள் நான்கு, ஒரு சுற்றுக்கு 60 மி.லி. ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் இருபது லிட்டருக்கு 333 சுற்றுகள், அதாவது கிட்டத்தட்ட 28 மணி நேரம் கையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கையேட்டை எழுதியவர் ஒரு தொட்டியையேனும் தானே அறுவடை செய்திருப்பாரா என்ற ஐயம் எனக்கு எழுந்தது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான்.

பெட்டியிலிருந்த படிகாரம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அதை எவ்வளவு சேர்ப்பது என்று கையேட்டில் இல்லை. சிறு குவளைகளில் சோதித்துப் பார்த்து, லிட்டருக்கு 0.3 கிராம் என்று நிறுத்தினோம். கலங்கிய ஆற்றுநீரில் படிகாரத்தைச் சுழற்றும் பாட்டிமார்களின் அதே வேதியியல்தான்: அலுமினியத்தின் நேர்மின் சுமை செல்களின் விலகலைத் தணிக்க, அவை திரண்டு ஒரு மணி நேரத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். மேல்நீரை இறுத்துவிட்டால் பத்து லிட்டர் அரை லிட்டராகிறது; அந்த அரை லிட்டருக்குக் கைச் சென்ட்ரிஃப்யூஜை ஒன்பது முறை சுற்றினால் போதும். விலை என்னவென்றால், அலுமினியம் ஹைட்ராக்சைடும் பாசியோடு சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் உலர் எடையை நாங்கள் படிகாரம் சேர்க்கும் முன்பே மாதிரி எடுத்து, வடிதாள் மூலம் கணித்துக்கொண்டோம். தேற்றாங்கொட்டையும் முருங்கை விதையும் இதே வேலையைச் செய்யும் என்று கேள்விப்பட்டிருந்த ஒரு மாணவி, முருங்கை விதையை அரைத்துக் கலந்து தனியாக ஒரு லிட்டரைத் திரட்டினார். அவருடைய மாதிரியில் மட்டும் எண்ணெய் மிகுதியாகக் கிடைத்தது. துறையே ஒரு பிற்பகல் முழுவதும் மகிழ்ந்தது. மறுநாள்தான், முருங்கை விதையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெயே என்பது எங்களுக்கு உறைத்தது.

பாசியைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனத்தின் ஸ்பைருலினா பண்ணை பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. ஸ்பைருலினா சுருள் இழைகளாக வளர்வதால் மெல்லிய வலைத்துணியிலேயே வடிந்துவிடும். அது விரும்பும் கடுங்காரத் தண்ணீரில் வேறு உயிர்கள் எளிதில் பிழைக்க மாட்டா. எங்களை வருத்திய இரண்டு தொல்லைகளும் அதற்குக் குறைவு. ஆனால் அதில் எண்ணெய் மிகக் குறைவு, புரதம்தான் மிகுதி. எளிதில் வடிகட்டக் கூடிய பாசியில் எண்ணெய் இல்லை. எண்ணெய் உள்ள பாசியை எளிதில் வடிகட்ட முடியவில்லை. மேலும் உணவுப்பொருளாகக் கிலோவுக்குக் கிடைக்கும் விலை, எரிபொருளாக ஒருபோதும் கிடைக்காது. இந்த ஒப்பீட்டைக் கையேட்டில் ஒரு பக்கம் எழுதியிருந்தால், மாணவர்களுக்கு அது வண்ணப் படங்கள் அனைத்தையும்விடப் பயன்பட்டிருக்கும்.

பிழிந்தெடுத்த பாசிக் களியில் இன்னமும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை 60 டிகிரியில் உலர்த்துகலனில் ஒரு நாள் வைத்தோம். இரண்டு தொட்டிகளின் களியிலிருந்தும் வெளியேறிய தண்ணீர் 66 கிராம் அளவு. அதை ஆவியாக்க மட்டும், இயற்பியல் விதிப்படி, ஏறத்தாழ 150 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இந்த எண்ணைச் சற்று நினைவில் வைத்திருங்கள். வெயிலில் காயவைத்தால் அந்தச் செலவு இல்லை என்று நம் ஊரில் எவரும் சொல்வார்கள். நாங்களும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தோம். களி காய்வதற்குள் அழுகும் வாடை வந்துவிட்டது.

எண்ணெய் பிரிக்கும் பகுதியைப் பற்றிக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. விற்பனைப் பக்கம் இந்தத் தொகுப்பை எட்டாம் வகுப்பு முதல் பயன்படுத்தலாம் என்கிறது. கையேடு ஹெக்சேனைச் சூடாக்கச் சொல்கிறது. மெத்தனாலை அளக்கச் சொல்கிறது. பாதுகாப்புக்குக் "கையுறை அணியவும்" என்ற இரு சொற்களை மட்டும் தருகிறது. ஹெக்சேனின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசையோடு தவழ்ந்து சென்று எங்கோ எரியும் சுடரில் பற்றிக்கொள்ளும். மெத்தனால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் சென்று கண்பார்வையைப் பறிக்க வல்லது. புகைபோக்கி அறையும், சுடரில்லாத சூடேற்றியும், அனுபவமுள்ள ஆசிரியரும் இல்லாத இடத்தில் இந்தப் பகுதியைச் செய்யவே கூடாது. இந்தக் குறை ஒன்றுக்காகவே பள்ளிகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரைப்பானால் கொழுப்பைப் பிரிக்கும் சாக்ஸ்லெட் கருவியில் கரைப்பான் ஆறு மணி நேரம் சுழன்றபின் கிடைத்தது, கையேட்டின் படத்தில் உள்ள தங்கநிற எண்ணெய் அன்று. தார் போன்ற கரும்பச்சைப் பிசின். கொழுப்போடு பச்சையமும் கரைந்து வந்துவிடுவதே காரணம். இதைக் கையேட்டின்படி மெத்தனாலோடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடும் சேர்த்தபோது முதல் சுற்றில் எங்களுக்குக் கிடைத்தது டீசல் அன்று, பச்சை நிறச் சோப்பு. கடையில் வாங்கும் சமையலெண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலங்கள் மிகக் குறைவு என்பதால் காரம் அங்கே செவ்வனே வேலை செய்கிறது. பாசிக் கொழுப்பில் அவை மிகுதி. காரம் அவற்றைக் கண்டதும் சோப்பாக்கிவிடும். இரண்டாம் சுற்றில் காரத்தை விட்டுவிட்டு, மெத்தனாலில் சிறிதளவு கந்தக அமிலம் சேர்த்து, நான்கு மணி நேரம் மெல்லச் சூடாக்கினோம். அப்போதுதான் எஸ்டர், அதாவது பயோடீசல், பிரிந்து மேலே நின்றது. கொழுப்பு வேதியியலின் அடிப்படை தெரிந்த எவரும் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடிய இந்தத் திருத்தத்தைத் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சலில் எழுதினேன். நன்றி தெரிவித்து ஒரு வரிப் பதில் வந்தது. இப்போது விற்பனையில் உள்ள கையேட்டில் மாற்றம் ஏதும் இல்லை.

இரண்டு தொட்டிகள், மூன்று வாரங்கள், ஐந்து மாணவர்கள். இறுதியில் கிடைத்த பயோடீசல் 1.3 கிராம், ஒன்றரை மி.லி. அளவு. அதில் பாதியைக் கடிகாரக் கண்ணாடியில் ஊற்றிப் பஞ்சுத் திரியிட்டு ஏற்றினோம். ஏறத்தாழ ஒன்பது நிமிடம் நிதானமாக எரிந்தது. மீதியைச் சிறு குப்பியில் அடைத்து ஆய்வகத்தில் வைத்திருக்கிறோம். பெட்டியின் மேலட்டையோ "20 லிட்டரில் 100 மி.லி. டீசல் தயாரியுங்கள்" என்று அறிவிக்கிறது. நூறு மில்லிலிட்டர் பயோடீசலின் எடை 88 கிராம். எங்கள் தொட்டிகளில் இருந்த பாசி மொத்தமுமே 11.7 கிராம். பாசியின் ஒவ்வொரு அணுவையும் டீசலாக மாற்றிவிட்டாலும் அந்த எண் வராது. இதை மிகைப்படுத்தல் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியவில்லை. பொருளழியாமை விதியைக் கற்பிக்கும் ஒரு துறைக்கு விற்கப்படும் பெட்டியின் மேல் அதை மறுக்கும் ஓர் எண்ணை அச்சிட்டிருக்கிறார்கள்.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். இரண்டு விளக்குகளும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், 5 வாட் பம்பு இரவும் பகலும், மொத்தம் 21 நாள்: ஏறத்தாழ 11.6 யூனிட், அதாவது 42 மெகாஜூல் அளவு. கிடைத்த 1.3 கிராம் டீசலின் ஆற்றல் 49 கிலோஜூல். செலவழித்தது பெற்றதைப் போல ஏறத்தாழ 850 மடங்கு. விளக்குகளை அணைத்துவிட்டு முழுவதும் வெயிலில் வளர்த்தாலும், பம்பின் செலவு மட்டுமே 180 மடங்குக்கு மேல். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 150 கிலோஜூலை இப்போது எடுத்துப் பாருங்கள்: களியை உலர்த்த மட்டுமே, கிடைத்த எரிபொருளைப் போல மூன்று மடங்கு ஆற்றல். ஆய்வகத்தின் இரண்டு தொட்டிகளை வைத்துப் பெருந்தொழிலை எடைபோடக் கூடாது என்பது உண்மையே. பெரிய குளங்களில் துடுப்புச் சக்கரம் பம்பைவிடப் பன்மடங்கு சிக்கனமானது, உலர்த்தாமலே ஈரப் பாசியை உயர் அழுத்தத்தில் சமைத்து எண்ணெயாக்கும் முறையும் உண்டு. ஆனால் தண்ணீரோடு மல்லுக்கட்டும் அந்த அடிப்படைத் தொல்லை இரண்டு இடத்துக்கும் பொதுவானது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பறக்கும் விமானம் ஒன்றின் படமும், உலகின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனமே பாசியில் முதலீடு செய்திருக்கிறது என்ற வாசகமும் உள்ளன. இரண்டும் பழைய செய்திகள், முழுமையற்றவை. 2009 ஜனவரியில் ஹூஸ்டனில் கான்டினென்டல் விமான நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று பயணிகள் இன்றிச் சோதனையாகப் பறந்தபோது, அதன் ஓர் இயந்திரத்தில் உயிரி எரிபொருள் கலந்திருந்தது. அந்த உயிரி எரிபொருளில் பெரும்பகுதி காட்டாமணக்கு எண்ணெய், பாசியின் பங்கு மிகச் சிறியது. காட்டாமணக்கை நம்பி நட்டு, பின்னர் பிடுங்கிப்போட்ட நம் விவசாயிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எக்சான்மொபில் நிறுவனம் அதே 2009இல், மரபணு அறிவியலாளர் கிரெய்க் வென்ட்டரின் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 600 மில்லியன் டாலர் வரை செலவிடப்போவதாக அறிவித்தது; 2017இல் நானோகுளோராப்சிஸ் என்ற பாசியின் மரபணுவைத் திருத்தி, வளர்ச்சி பெரிதும் குன்றாமலே எண்ணெய்ச் சத்தை 20இலிருந்து 40 விழுக்காட்டுக்கு உயர்த்தியதாக இருவரும் அறிவித்தார்கள். எங்கள் இரண்டாம் தொட்டியால் முடியாததை அவர்கள் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள் என்பதை நான் மதிக்கிறேன். ஆயினும் 2023இன் தொடக்கத்தில் எக்சான் அந்த முயற்சிக்கு நிதியளிப்பதை நிறுத்திவிட்ட செய்தி வந்தது.

பாசி எரிபொருள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டதே இல்லையா என்று மாணவர்கள் கேட்டார்கள். விற்கப்பட்டது. 2012 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் சில புரொப்பெல் எரிபொருள் நிலையங்களில், சோலசைம் நிறுவனத்தின் பாசியெண்ணெய் 20 விழுக்காடு கலந்த டீசல் சில வாரங்கள் கிடைத்தது. அந்தப் பாசி சூரிய ஒளியையே காணாதது. இருண்ட எஃகுக் கலன்களில் சர்க்கரை ஊட்டி வளர்க்கப்பட்டது. ஒளியைப் பிடித்த வேலை சர்க்கரையைத் தந்த பயிருடையது, பாசி அதை எண்ணெயாக மாற்றிக் கொடுத்தது. அமெரிக்கக் கடற்படை, பயன்படுத்திய சமையலெண்ணெயிலிருந்தும் பாசியிலிருந்தும் தயாரித்த 450,000 காலன் எரிபொருளை 2011 இறுதியில் 12 மில்லியன் டாலருக்கு வாங்கி, 2012இல் கப்பல்களை ஓட்டிக் காட்டியது; காலனுக்கு 26 டாலருக்கு மேல். சோலசைம் பின்னர் பெயரையும் மாற்றிக்கொண்டு, எரிபொருளை விட்டு உணவுப் பக்கம் திரும்பி, 2017இல் திவாலானது. இவற்றை எல்லாம் கையேட்டில் சேர்த்தால் விற்பனை குறையும் என்று தயாரிப்பாளர் அஞ்சலாம். எங்கள் மாணவர்கள் இந்த வரலாற்றைத் தேடிப் படித்த வாரத்தில்தான் மிகுந்த ஆர்வத்தோடு ஆய்வகத்துக்கு வந்தார்கள்.

ஆகவே, கல்லூரித் துறைகள் இதை வாங்கலாம்: பாசி வளர்ப்புக்காகவும், அறுவடை என்ற சிக்கலை மாணவர்கள் கையால் உணர்வதற்காகவும். கற்பித்தல் கருவியாக ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். எரிபொருள் தயாரிக்கும் கருவியாக மதிப்பெண் இடுவதற்கே ஒன்றும் இல்லை. வாங்குவோர் கந்தக அமிலம், ஹெக்சேன், மெத்தனால், தொட்டி மூடிகள் ஆகியவற்றுக்குத் தனியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நைட்ரேட் புட்டியைத் தனியாகப் பிரித்துத் தருமாறு விற்பனையாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும், கேட்டால் தருகிறார்கள். பள்ளிகளுக்கு வளர்ப்பு வரையுள்ள பாதித் தொகுப்பை மட்டும் பாதி விலையில் விற்றால் நலம். அதோடு கழிவுநீரில் பாசி வளர்த்து நைட்ரேட் குறைவதை அளக்கும் பயிற்சி ஒன்றைச் சேர்க்கலாம். ராணிப்பேட்டையில், கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற பொருளை எடுக்கும் ஓர் ஆலையின் கழிவுநீரை நுண்பாசிகள் கொண்டு தூய்மைப்படுத்திய அனுபவம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது, அதற்குக் கரைப்பான் எதுவும் தேவையுமில்லை.

தொட்டிகள் இப்போது துறையின் மாடிப்படி ஜன்னலோரம் இருக்கின்றன. விளக்கை எடுத்துவிட்டோம், பம்பு மட்டும் ஓடுகிறது. விலங்கியல் துறையினர் தாங்கள் வளர்க்கும் டாஃப்னியா என்ற சிறு நீர்வாழ் உயிரிகளுக்குத் தீனியாக வாரம் இரண்டு லிட்டர் பச்சை நீரை எடுத்துச் செல்கிறார்கள். வடிகட்டாமல், உலர்த்தாமல், அப்படியே ஊற்றிவிடுகிறார்கள்.